பழைய தகர ரயிலுக்கு எந்தத் தண்டவாளம்?

பழைய தகரப் பொம்மை ரயிலுக்குத் தண்டவாளம் தேடும்போது முதலில் வண்டியைத் திருப்பி அதன் அடிப்பாகத்தைப் பாருங்கள். லயனல், மார்க்ஸ் போன்ற நிறுவனங்களின் ஓ கேஜ் (ஓ என்ற பாதை அளவு) மின்வண்டிகளில் நடுவில் ஒரு பிக்கப் ரோலர், அதாவது மின்சாரம் எடுக்கும் உருளை, இருக்கும். மின்சாரம் நடுத் தண்டவாளத்தில் வந்து வெளித் தண்டவாளங்கள் வழியே திரும்பும். சக்கரமும் அச்சும் வெறும் உலோகம் என்பதால், இரண்டு தண்டவாள மின்பாதையில் வைத்த உடனே ஷார்ட் ஆகிவிடும். நுண்மாதிரிகளுக்கான இன்றைய தாழ்வான தண்டவாளத்தில் சக்கரத்தின் ஆழமான விளிம்பு பிடிப்பான்களில் இடிக்கவும் செய்யும்.

மீதமுள்ள மூன்று தண்டவாளப் பாதைகளில் என் முதல் தேர்வு பழைய குழாய்த் தண்டவாளம்தான். அதில் இரண்டு வகை உண்டு. ஓ வகையின் உயரம் சுமார் 17.5 மி.மீ., ஓ27 வகை சுமார் 11 மி.மீ. துண்டுகளை இணைக்கும் பின்களின் தடிமனும் வேறு. இரண்டையும் கலக்க வேண்டுமானால் தாழ்ந்ததன் கீழ் 6 மி.மீ. சொச்சம் முட்டுக் கொடுத்து, இடைமாற்றுப் பின் போட வேண்டும். ஓ27 வளைவின் விட்டம் 27 அங்குலம். நீளமான எஞ்சின்கள் அதில் திரும்பாது, பாதை பிரியும் பாயிண்ட்டின் மோட்டார் பெட்டியிலும் உரசும். பெரிய எஞ்சின் இருந்தால் 31 அங்குல ஓ வளைவே சரி.

குழாய்ப் பாதையின் நோய், தளர்ந்துபோன இணைப்புப் பின்கள். மின்சாரம் தரும் இடத்திலிருந்து தூரம் போனால் வண்டி மெதுவாகும், இணைப்பில் பொறி பறக்கும். குழாயின் வாயைக் குறடால் இலேசாக நெருக்கினால் பெரும்பாலும் சரியாகும். பெரிய வட்டத்துக்கு இரண்டு மூன்று மீட்டருக்கு ஒருமுறை தனி வயர் கொடுங்கள். உப்புத்தாள் வேண்டாம்: தகரப் பூச்சு போனால் துரு ஏறும். இரும்புக் கம்பளியின் துகளோ மோட்டாருக்குள் போய் ஷார்ட் செய்யும். ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட துணி போதும்.

பிளாஸ்டிக் அடித்தளம் கொண்ட லயனல் பாஸ்ட்ராக் கார்ப்பெட்டில் விரித்து ஓட்ட வசதியானது. தளர்ந்த பின்களின் தொல்லை இல்லை, ஆனால் உள்ளீடற்ற அடித்தளம் சத்தத்தைப் பெருக்கும்.

அட்லஸ் ஓ நிறுவனப் பாதையின் நிக்கல் சில்வர் துருப்பிடிக்காது. ஆனால் காந்தம் அதில் ஒட்டாது. 1950இல் லயனல் கொண்டுவந்த மேக்னட்ராக்‌ஷன் எஞ்சின்கள் (காந்தத்தால் தண்டவாளத்தைப் பிடித்து ஓடுபவை) அதில் ஏற்றத்தில் வழுக்கும். அவற்றுக்கு எஃகுப் பாதைதான் வேண்டும். மரக்கட்டை வைத்த கார்கிரேவ்ஸ் நிறுவனப் பாதையில் தகரப் பூச்சுள்ள எஃகைக் கேட்டு வாங்குங்கள். விருப்பப்படி வளைக்கலாம், வளைத்தபின் உட்புறத் தண்டவாளம் நீண்டு நிற்கும், அதை மெல்லிய வெட்டுத்தட்டால் அறுக்க வேண்டும். குறடால் நறுக்கினால் வாய் நசுங்கி, இணைப்புப் பின் உள்ளே ஏறாது.

நேர்ப்பாதையில் நன்றாக ஓடும் வண்டியும் பாயிண்ட்டில் தடுமாறலாம். மார்க்ஸ் எஞ்சின்களில் சக்கரத்தை ஒட்டிய அகலமான பற்சக்கரம் லயனல் பாயிண்ட்டுகளில் இடிப்பது வழக்கம். வாங்கும்முன், மின்சாரம் இல்லாமல், எஞ்சினைக் கையால் இரு வழியிலும் தள்ளிப் பாருங்கள்.