அடித்துச் செய்வதா, தேய்த்துச் செய்வதா: முதல் கத்திக்கு எந்த வழி?

பொழுதுபோக்காகக் கத்தி செய்யக் கற்க விரும்புகிறவருக்கு இரண்டு வழிகள் உண்டு. எஃகை உலையில் காய்ச்சி, சுத்தியலால் அடித்து வடிவத்துக்குக் கொண்டுவருவது ஒன்று. தட்டையான எஃகுப் பட்டையில் கத்தியை வரைந்து, அறுத்து, வேண்டாததைத் தேய்த்து எடுப்பது மற்றொன்று. அடித்துச் செய்ததுதான் அசல், தேய்த்துச் செய்தது மட்டம் என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. நான் அதை ஏற்கவில்லை. ஆலையில் உருட்டி வரும் இன்றைய எஃகு உள்ளுக்குள் ஏற்கெனவே சீராகத்தான் இருக்கிறது. நாம் அடிப்பதால் அதற்குப் புதிதாக ஒரு பலமும் ஏறிவிடாது. என்ன எஃகு, விளிம்பை எவ்வளவு மெல்லிசாக இறக்கினோம், தோய்ச்சல் (காய்ச்சி எண்ணெயில் முக்கிக் கடினமாக்குவது) எப்படிப் போட்டோம் என்பதில்தான் கத்தி நிற்கும்.

இந்த மூன்றில் தோய்ச்சல்தான் கடினம். அதற்குச் சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்க்கிற வழியே புதியவருக்கு நல்லது. அது தேய்க்கிற வழி. ஹேக்ஸா பிளேடு, பெஞ்ச் வைஸ், இரண்டு மூன்று அரங்கள், உப்புத்தாள் இருந்தால் ஆரம்பித்துவிடலாம். சுமார் 3 மி.மீ. தடிப்பும் 6 அங்குல அலகும் உள்ள சமையலறைக் கத்தி நல்ல தொடக்கம். தோய்ச்சலுக்கு முன் விளிம்பில் ஏறக்குறைய 1 மி.மீ. மிச்சம் வைக்க வேண்டும்; அதற்கும் மெல்லிசாக இறக்கினால் எண்ணெயில் முக்கும்போது அலகு கோணிக்கொள்ளும், சில சமயம் விரிசலும் விடும்.

அடிக்கிற வழியில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது, கெடுப்பதற்கும் நிறைய இருக்கிறது. சூடு மிஞ்சினால் எஃகுக்கு உள்ளே இருக்கும் நுண்ணிய மணிகள் பெருத்து எஃகு நொறுங்கும் தன்மைக்குப் போய்விடும். இன்னும் மிஞ்சினால் பொறி பறந்து எரிந்தே போகும். சிவப்பு மங்கிய பிறகும் அடித்தால் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழும். அடித்து முடித்த அலகை மறுபடி சிவக்கக் காய்ச்சிக் காற்றில் ஆறவிடுவதை இரண்டு மூன்று முறை செய்தால்தான் உள்கட்டு சீராகும். இவ்வளவுக்குப் பிறகும் தேய்க்கிற வேலை பாக்கி இருக்கும். ஆனால் எஃகு வீணாவது குறைவு, நுனி நோக்கி மெலிகிற அலகு இயல்பாக வரும், அப்புறம் உளி, கொக்கி, இடுக்கி என்று உங்கள் கருவிகளை நீங்களே செய்துகொள்ளலாம். இந்த வழியின் பெரிய லாபமாக எனக்குத் தெரிவது இந்தக் கடைசி விஷயம்தான். அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்கள் சத்தத்தையும் யோசிக்க வேண்டும்.

எஃகு வாங்குவதிலும் இதே போட்டி. காயலான் கடையில் கிடைக்கும் லாரி வில்பட்டை மலிவு, அரிவாளுக்கு அருமையான சரக்கு. அதில் கரிமம் சுமார் 0.5 முதல் 0.6 சதவீதம் இருக்கும். வெட்டின் அதிர்ச்சியைத் தாங்கும். சமையல் கத்திக்கோ அந்த அளவு கொஞ்சம் குறைவு, கூர் சீக்கிரம் மழுங்கும். அது எந்த ரகம் என்பதும் தெரியாது, வருடக்கணக்கில் ரோட்டில் அடிவாங்கிய பட்டையில் நுண்விரிசல் இருக்கலாம். முதல் கத்திக்கு 1084 என்ற ரகத்தையோ 1075-ஐயோ புதிதாக வாங்குங்கள் என்றே சொல்வேன். 1084-இல் கரிமம் 0.8 சதவீதத்துக்கு மேல். தோய்ச்சலில் சின்னத் தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும். கட்டடக் கம்பி வேண்டாம், அதில் கரிமம் போதாது, கடினமாகாது. ஸ்டெயின்லெஸ் எஃகையும் இப்போது தொட வேண்டாம். அதை 1,000 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சி, அதே சூட்டில் பிடித்துவைக்க வேண்டும். வீட்டு உலையில் அது நடக்காது.

சரி, தோய்ச்சலுக்கு வருவோம். எஃகு 770 டிகிரி வாக்கில் காந்தத்தில் ஒட்டாமல் போகும். 1084-க்கு அதற்கும் சற்று மேலே, 815 டிகிரி அளவில் காய்ச்சி, 50 டிகிரிக்குச் சூடாக்கிய தாவர எண்ணெயில் நேராக இறக்க வேண்டும். தண்ணீரில் முக்கினால் வெடிக்கிற வாய்ப்பு அதிகம். ஆறியதும் அரத்தால் உரசிப் பாருங்கள்: பிடிக்காமல் வழுக்கினால் கடினமாகிவிட்டது என்று அர்த்தம். அந்த நிலையில் அலகு கண்ணாடி மாதிரி, கீழே விழுந்தால் உடையும். தாமதிக்காமல் மின் அவனில் 200 டிகிரியில் இரண்டு மணி நேரம், ஆறவிட்டு மறுபடி இரண்டு மணி நேரம் வைத்தால் கடினம் சற்றே இறங்கி உறுதி வரும். சமையலறை அவனில் வைப்பதானால் முதலில் எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்துவிடுங்கள்.

கரி உலையா, கேஸ் உலையா? அடித்துப் பழக மரக்கரி போதும்: சிக்கனம், ஒரு சின்ன ப்ளோவர் இருந்தால் வேலை நடக்கும். பொறி பறக்கும் என்பதால் கூரை, வைக்கோல் பக்கத்தில் வைக்கக்கூடாது. தோய்ச்சலுக்கு எனக்குக் கேஸ்தான் பிடிக்கும்; அலகு முழுக்க ஒரே நிறத்தில் சிவப்பது கண்ணுக்குத் தெரியும். ஆனால் வீட்டுச் சமையல் சிலிண்டரை இதற்குப் பயன்படுத்துவது சட்டப்படி தவறு. கரி, கேஸ் இரண்டு உலைகளிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு வரும், அடைத்த அறையில் உயிருக்கே ஆபத்து. துத்தநாகம் பூசிய இரும்பை எந்த உலையிலும் போடாதீர்கள், அந்தப் புகை காய்ச்சலைக் கொண்டுவரும். தேய்க்கிற இயந்திரத்தில் சுற்றுகிற பெல்ட் முன்னால் கையுறை கூடாது, முகக்கவசமும் கண்ணாடியும் கட்டாயம்.

பட்டடைக்கு, அதாவது எஃகை மேலே வைத்து அடிக்கிற கட்டிக்கு, ரயில் தண்டவாளத் துண்டு தேடுகிறவர்கள் அதிகம். ரயில்வே சொத்தைச் சட்டவிரோதமாக வைத்திருப்பது 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ரசீது இல்லாமல் கிடைக்கிற துண்டை விட்டுவிட்டு, கனமான இரும்புக் கட்டி ஒன்றை வாங்கிக்கொள்ளலாம்.

வீடியோவில் கற்பதா, ஆளிடம் கற்பதா என்று கேட்டால், தேய்க்கிற வேலைக்கு வீடியோ தாராளமாகப் போதும். அடிக்கிற வேலைக்குப் போதாது. சூட்டின் நிறத்தை கேமரா அப்படியே காட்டாது, வெயிலில் பார்த்தால் கண்ணும் ஏமாறும். பட்டறையை நிழலாக வைத்திருப்பது அதனால்தான். பக்கத்து ஊரில் ஆசாரி ஒருவர் இன்னமும் உலை மூட்டுகிறார் என்றால், அறுவடை நெருக்கடி இல்லாத நாளில் போய், அன்றைய கூலியைக் கொடுத்து, கூட நின்று கற்றுக்கொள்ளுங்கள். எடுத்த எடுப்பில் கத்தி கேட்க வேண்டாம். ஒரு சதுரக் கம்பியைக் கூராக நீட்டத் தரச்சொல்லுங்கள். எந்த நிறம் வரும்போது அவர் கம்பியை வெளியே எடுக்கிறார், எந்த நிறத்தில் அடிப்பதை நிறுத்தி மறுபடி உலைக்குள் வைக்கிறார் என்று பாருங்கள்.