ஊரில் பிரஷர் மாத்திரை வாங்குவது

லண்டனில் பிரஷர் மாத்திரை வாங்குவது ஆமை வேக வேலை. மருத்துவர் எழுத வேண்டும், அது மருந்துக்கடைக்குப் போய்ச் சேர வேண்டும், பிறகு ஒரு நாள் போனால் என் பெயரும் 'தினம் ஒன்று' என்ற குறிப்பும் ஒட்டிய பெட்டியைக் கையில் தருவார்கள். பெட்டிக்குள் மடித்து வைத்த தாளில் பக்கவிளைவுகளும், எந்த மருந்தோடு சேர்க்கக் கூடாது என்பதும் பொடி எழுத்தில் இருக்கும். மயிலாடுதுறையில் பஸ் நிலையத்திலிருந்து வீடு போய்ச் சேருவதற்குள் ஏழெட்டு மருந்துக்கடைகள் வந்துவிடுகின்றன. இரவு பத்து மணிக்கும் வாசலில் ஆள் நிற்கிறது. மருந்து கிடைப்பதில் நம் ஊரை அடித்துக்கொள்ள ஆளில்லை. கிடைத்தது என்ன மருந்து என்று தெரிந்துகொள்வதுதான் பெரும்பாடு.

அம்மாவின் கண் அறுவை சிகிச்சைக்காகப் பயணத்தை நீட்டித்ததால் என் கையிருப்பு தீரும் நிலைக்கு வந்தது. நான் சாப்பிடுவது அம்லோடிபின் 5 மில்லிகிராம், லோசார்டன் 50 மில்லிகிராம். ஊர் மருத்துவர் ஒருவரிடம் காலிப் பெட்டிகளைக் காட்டி, மருந்தின் பெயரையே எழுதச் சொல்லி ஒரு சீட்டு வாங்கிக்கொண்டு கடைக்குப் போனேன். இந்த மாத்திரைகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. அதற்காகத்தான் அட்டையின் ஓரத்தில் சிவப்புக் கோடு போட்டிருக்கிறார்கள். கல்லாவில் இருந்த பையன் சீட்டை ஓரக்கண்ணால் பார்த்ததோடு சரி.

அவன் எடுத்துக் கொடுத்த அட்டையில் கம்பெனி வைத்த பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. அதன் கீழே, கண்ணாடியைக் கழற்றிவிட்டு மூக்குக்கு அருகே பிடித்தால் மட்டும் தெரிகிற அளவில், 'எஸ்-அம்லோடிபின் 5' என்று இருந்தது. அந்த ஓர் எழுத்தில்தான் வம்பு. சாதாரண அம்லோடிபின் என்பது, கண்ணாடியில் தெரியும் பிம்பம் போல ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு வடிவங்கள் பாதிக்குப் பாதி கலந்தது. அழுத்தத்தைக் குறைப்பது அவற்றில் ஒன்று மட்டுமே. அதைத் தனியே பிரித்து எடுத்ததுதான் எஸ்-அம்லோடிபின். ஆகவே எனக்கு அதில் 2.5 போதும், 5 என்றால் நான் சாப்பிடுவதைப் போல இரண்டு மடங்கு. கணுக்கால் வீங்கும், எழுந்து நின்றால் தலை சுற்றும். வெயில் காலத்து மயக்கம் என்று நினைத்து மோர் குடித்துக்கொண்டிருப்போம்.

"அதேதான் சார், கம்பெனிதான் வேறு" என்றான் பையன். உள்ளே கணக்கு எழுதிக்கொண்டிருந்த உரிமையாளர் எழுந்து வந்து அட்டையை வாங்கிப் படித்தார். பையனை ஒரு முறை முறைத்துவிட்டு வேறு அட்டையை எடுத்து வைத்தார். அவர் அன்றைக்கு மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

கம்பெனிப் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் 'எச்', 'ஏஎம்' போன்ற எழுத்துகளும் சும்மா இல்லை. பெரும்பாலும் 'எச்' என்றால் சிறுநீரைப் பெருக்கும் மருந்து கூடவே இருக்கிறது. 'ஏஎம்' என்றால் அம்லோடிபின் சேர்ந்திருக்கிறது. பெயரின் முதல் பாதியை மட்டும் சொல்லி வாங்கினால் எதுவும் கைக்கு வரலாம். இன்னொன்று, கத்தரிக்கோல். பதினைந்து மாத்திரை உள்ள அட்டையில் பத்து கேட்டால் வெட்டித் தருகிறார்கள். காலாவதித் தேதி அச்சடித்த மூலை கடையிலேயே தங்கிவிடுகிறது. நான் முழு அட்டையாகவே வாங்கினேன். விலை என்னவோ லண்டனில் ஒரு காபிக்குக் கூட வராது.

பிரஷர் மாத்திரைக்காக அம்மாவுக்குக் கடைக்குப் போகும் வேலையே இல்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் தன்னார்வலர் ஒருவர் வீட்டுக்கே வந்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார். அவர் வந்தபோது நானும் இருந்தேன். அம்மா அடுக்களையிலிருந்து வேகமாக வந்து பிரஷர் பார்க்கக் கையை நீட்டினார். "முதலில் உட்காருங்கள் அம்மா, ஐந்து நிமிடம் போகட்டும், பேசவும் கூடாது" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் காத்திருந்தார். முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி, கையை நெஞ்சு உயரத்துக்குத் தலையணை மேல் வைத்த பிறகுதான் பட்டையைச் சுற்றினார். நான் பார்த்த எத்தனையோ பெரிய மருத்துவமனைகளில் இந்தப் பொறுமை கிடையாது.

ஆனால் அந்தப் பெண்ணிடம் அம்மா காட்டாத டப்பா ஒன்று இருந்தது. மூட்டு வலிக்கு எப்போதோ எழுதிக் கொடுத்த டைக்ளோஃபெனாக் மாத்திரையை, வலிக்கும்போதெல்லாம் கடையில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தார். இந்த வகை வலி மாத்திரைகள் உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கி அழுத்தத்தை ஏற்றும், பிரஷர் மருந்தின் வேலையைக் கெடுக்கும். லோசார்டன் போன்ற மருந்தும் சிறுநீர் மாத்திரையும் சாப்பிடுகிறவர்களுக்குச் சிறுநீரகத்தையே பதம் பார்க்கும். "வலி மாத்திரைக்கும் பிரஷருக்கும் என்னடா சம்பந்தம்?" என்று அம்மா கேட்டார். டப்பாவோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனேன். அங்கிருந்த மருத்துவர் அதை நிறுத்திவிட்டு, வலிக்குப் பாராசிட்டமாலும் பூசும் களிம்பும் எழுதினார்.

சித்தப்பா கதை வேறு. எனலாப்ரில் என்ற பிரஷர் மாத்திரை தொடங்கியதிலிருந்து வறட்டு இருமலாம். பாட்டில் பாட்டிலாக இருமல் மருந்து குடித்துத் தீர்த்திருக்கிறார். அந்த மருந்தே சிலருக்கு இருமலைக் கொண்டுவரும், மருத்துவரிடம் சொன்னால் மாற்றித் தருவார் என்று சொன்னேன். "அப்படியானால் இன்றே நிறுத்திவிடுகிறேன்" என்றார். மருத்துவரைப் பார்க்கும் வரை தானாக நிறுத்த வேண்டாம் என்று புரிய வைப்பதற்குள் எனக்கே பிரஷர் ஏறிவிட்டது. அவர் கூடவே சாப்பிடும் அடெனலால் என்ற இன்னொரு பிரஷர் மாத்திரையைத் திடீரென்று விட்டால் இதயத் துடிப்பு எகிறும் என்று சொன்ன பிறகுதான் இறங்கி வந்தார்.

கிளம்பும் முன் அவர்கள் இருவருக்கும் மத்திய அரசின் மக்கள் மருந்தகம் இருக்கும் தெருவைக் காட்டினேன். அங்கே தரும் அட்டையில் கம்பெனி வைத்த பெயர் எதுவும் கிடையாது. 'அம்லோடிபின் 5' என்று மருந்தின் பெயர்தான் அச்சடித்திருக்கிறது. அடுத்த பயணத்தில் எனக்கும் அந்தக் கடைதான்.