எம்எக்ஸ்-5 காரில் பின்பிரேக் வால்வு: சில ஆண்டுகள் ஓட்டிய பிறகு

பின்பிரேக் அழுத்தத்தைத் திருகி மாற்றும் வால்வைப் பற்றி யார் கேட்டாலும், அதை வாங்கும் முன் பின்பக்கப் பேடை (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் உராய்வுக் கட்டையை) மாற்றிப் பாருங்கள் என்பதே என் பதில். வால்வை நான் கழற்றப் போவதில்லை. ஆனால், என் கார் இன்று ஒழுங்காக நிற்கிறது என்றால் அதில் வால்வின் பங்கு சிறியதுதான்.

கார், முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5. 1.6 லிட்டர் எஞ்சின். சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் ஏபிஎஸ் கிடையாது. முன்னால் 235 மி.மீ., பின்னால் 231 மி.மீ. டிஸ்க்குகளோடு வந்தது. அவற்றுக்குப் பதிலாக 1.8 லிட்டர் மாடலின் 255, 251 மி.மீ. டிஸ்க்குகள், தாழ்வான இறுக்கமான ஸ்பிரிங்குகள், தரையை நன்றாகப் பிடிக்கும் டயர்கள். வார நாட்களில் மலேசியாவின் கிள்ளான் சாலைகளில் ஓடுகிறது. நேரமும் பணமும் ஒத்துவரும்போது செப்பாங் பந்தயத் தடத்தில்.

அங்கே ஓட்டிவிட்டு வந்து அகச்சிவப்பு வெப்பமானியால் அளந்தால், முன் டிஸ்க் கொதிக்கும், பின் டிஸ்க் சும்மா இருக்கும். முன்பேடு தேய்ந்து தீர்ந்த பிறகும் பின்பேடு புதிதுபோல் இருந்தது. பின்பிரேக் தன் பங்கு வேலையைச் செய்யவில்லை.

எவ்வளவு செய்ய வேண்டும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. இந்தக் காரின் எடை முன்னும் பின்னும் ஏறக்குறைய சரிபாதி. முன்பின் சக்கரங்களுக்கு இடையே 2,265 மி.மீ. ஈர்ப்பு மையம் 45 செ.மீ. உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொண்டால், 1 ஜி அளவுக்கு (புவியீர்ப்பு முடுக்கத்துக்குச் சமமாக) வேகம் குறையும்படி பிரேக் பிடிக்கும்போது எடையில் ஐந்தில் ஒரு பங்கு முன்னுக்குச் சாய்கிறது. முன்னால் 70, பின்னால் 30. மழையில் 0.5 ஜிதான் கிடைக்கும் என்றால் 60, 40. காரைத் தாழ்த்தினால் இந்தச் சாய்வு குறையும். நல்ல டயர் போட்டால் கூடும். இரண்டையும் செய்துவிட்டு, ஆலை வைத்த அளவு அப்படியே பொருந்தும் என்று எதிர்பார்க்க முடியாது.

வால்வைப் பின்பிரேக் குழாயில் பொருத்தி, ஆலையின் பழைய வால்வை நீக்கினோம். இரண்டும் ஒரே வரிசையில் இருக்கக் கூடாது. முழுக்கத் திறந்து வைத்துச் சோதித்தோம். அப்போதும் முன்சக்கரங்களே முதலில் பூட்டிக்கொண்டன. வால்வுக்குக் குறைக்கத்தான் தெரியும், கூட்டத் தெரியாது. அதுமட்டுமல்ல, ஒரு குறிப்பிட்ட அழுத்தம் வரை அது குறைப்பதும் இல்லை. அந்த எல்லைக்குக் கீழே முன்னும் பின்னும் ஒரே அழுத்தம். அதைத் தாண்டினால்தான் பின்பக்கம் மெதுவாக ஏறும். நாம் திருகுவது அந்த எல்லையை மட்டுமே. மழையில் பிரேக்கை மென்மையாக மிதிப்பதால் பெரும்பாலும் எல்லைக்குக் கீழேயே இருப்போம். அங்கே விகிதத்தைத் தீர்மானிப்பவை, பேடை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பரின் பிஸ்டன் பரப்பும், டிஸ்க்கின் அளவும், பேடின் உராய்வும். “மழை வந்தால் வால்வைத் திற” என்ற அறிவுரையை நான் நம்பாததற்குக் காரணம் இதுதான்.

ஆகவே, பின்னால் உராய்வு கூடிய பேடு போட்டேன். உடனே நிலைமை தலைகீழானது. பலமாக மிதித்தால் பின்சக்கரம் முந்திக்கொண்டது. இப்போதுதான் வால்வுக்கு வேலை வந்தது. ஆளில்லாத அகலமான தளம், நேர்கோடு, வெளியே நின்று கைபேசியில் படம் பிடிக்க ஒரு நண்பர். வால்வைக் குறைந்த அளவில் தொடங்கி அரைச்சுற்று அரைச்சுற்றாகக் கூட்டி, பின்சக்கரம் முந்திய இடத்திலிருந்து நன்றாகவே பின்வாங்கி நிறுத்தினேன். முன்சக்கரம் பூட்டினால் கார் திரும்பாமல் நேராகப் போகும். பின்சக்கரம் பூட்டினால் சுழன்றுவிடும். இரண்டில் எது மேல் என்று யோசிக்கத் தேவையில்லை.

நேர்கோட்டில் சரியாக இருந்தது செப்பாங்கின் 14ஆம் வளைவில் சரியாக இல்லை. அங்கே திரும்பிக்கொண்டே பிரேக் பிடித்தாக வேண்டும். எடை இழந்த உள்பக்கப் பின்சக்கரம் சட்டென்று பூட்டும். அந்த ஒரு வளைவுக்காக இன்னும் சற்றுக் குறைத்தேன். நீண்ட நேர்ப்பாதைகளின் முடிவில் உள்ள 15ஆம், 1ஆம் வளைவுகளில் அதனால் எதையும் இழந்ததாகத் தெரியவில்லை. அதன் பிறகு வால்வைத் தொடுவது டயரோ பேடோ மாறும்போது மட்டும்.

இடையில் ஒரு துணைக்கதை. குழாயைப் பிரித்த பின் எத்தனை முறை ஏர் எடுத்தும் (உள்ளே புகுந்த காற்றை வெளியேற்றியும்) பிரேக் மிதி ஆழமாக இறங்கிக்கொண்டே இருந்தது. காரணம் காற்று அல்ல. இந்தக் காரின் கைபிரேக் பின் காலிப்பருக்குள்ளேயே இருக்கிறது. காலிப்பரின் பின்புறம் ஒரு போல்ட்டைக் கழற்றினால் உள்ளே ஆலன் சாவி நுழையும் திருகு ஒன்று உண்டு. பேடுக்கும் டிஸ்க்குக்கும் இடையிலான இடைவெளியை அதில் சரிசெய்ததும் மிதி உயர்ந்தது.

முன்சக்கர இயக்கக் கார் வைத்திருப்பவர்கள் கவனிக்க: அவற்றில் பலவற்றுக்குப் பிரேக் குழாய்கள் குறுக்காகப் பிரிந்து, ஒரு முன்சக்கரமும் எதிர்ப்பக்கப் பின்சக்கரமும் ஒரே இணைப்பில் இருக்கும். ஒற்றை வால்வு அங்கே ஆகாது. ஈபிடி (முன்பின் பிரேக் விசையை மின்னணு முறையில் பங்கிடும் அமைப்பு) உள்ள கார்களில் இதே வேலையைக் கணினி ஏற்கெனவே செய்கிறது. அதன் வழியில் வால்வை நுழைக்காதீர்கள்.