388 வெள்ளிக்கு ஒரு 'டிங்': நான் ஏமாந்த கதை

இன்று மதியம் மூன்று மணிக்குத்தான் அந்தக் கடையிலிருந்து திரும்பி வந்தேன். ஆறிப்போனால் நாகரிகமாக எழுதிவிடுவேன், அதனால் இப்போதே உட்கார்ந்துவிட்டேன். 388 சிங்கப்பூர் வெள்ளி. புது மின்னஞ்சல் வந்தால் 'டிங்' என்று சத்தம் போட்டு, கணினித் திரையின் மூலையில் ஒரு சின்னப் பெட்டியைக் காட்டும் துக்கடா மென்பொருளுக்கு நான் கொடுத்த பணம் அது.

கைப்பேசியே சத்தம் போடுமே, தனியாக இது எதற்கு என்று கேட்பீர்கள். என் கணவரும் கேட்டார். நான் வீட்டிலிருந்து மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். நிறுவனங்கள் ஒரே வேலையை நாலைந்து பேருக்கு ஒரே நேரத்தில் அனுப்பும். யார் முதலில் 'செய்கிறேன்' என்று பதில் போடுகிறாரோ அவருக்குத்தான் கிடைக்கும். பத்து நிமிடம் தாமதித்தால், 'நன்றி, வேறொருவருக்குக் கொடுத்துவிட்டோம்'. கைப்பேசியைப் பக்கத்தில் வைத்தால் மூன்று குடும்ப வாட்ஸ்அப் குழுக்கள் காலையிலிருந்து கும்மியடிக்கும், ஒரு பத்தி உருப்படியாக எழுத முடியாது. அதனால் அதைச் சத்தமில்லாமல் செய்து அடுத்த அறையில் வைத்துவிட்டுத்தான் வேலைக்கு உட்காருவேன். எனக்கு வேண்டியதெல்லாம் திரையின் கீழ் மூலையில், கடிகாரத்துக்குப் பக்கத்தில் சும்மா கிடந்து, கடிதம் வந்தால் மட்டும் வாய் திறக்கும் ஒன்று. 2004இல் கூகுளே விண்டோஸுக்கு அப்படி ஒரு சின்னக் கருவியை இலவசமாகக் கொடுத்தது. பழைய அலுவலகத்தில் அதை வைத்திருந்தேன். பிறகு அதை நிறுத்திவிட்டார்கள்.

சரி, கடைக்கு வருகிறேன். மின்னணுச் சாமான்கள் விற்கும் ஒரு பேரங்காடி, மேல் மாடி, கணினி பழுதுபார்க்கும் சின்னக் கடை. இதற்கு மேல் அடையாளம் சொல்ல மாட்டேன். போன தீபாவளி முடிந்த வாரம், மடிக்கணினியின் விசிறி உறுமுகிறது என்று கொண்டுபோனேன். கடையில் இருந்த தம்பி அழகாகத் தமிழ் பேசினார். "உட்காருங்க அக்கா, அரை மணி நேரத்துல முடிச்சிடலாம்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். கீழே கோப்பிக் கடையிலிருந்து எனக்கு ஒரு தே ஓ, அதாவது பால் இல்லாத தேநீர், வாங்கி வரச் சொன்னார். விசிறியைத் துடைத்துக் கொடுத்துவிட்டு முப்பது வெள்ளிதான் வாங்கினார். நியாயமான விலை. அங்கேதான் விழுந்தேன்.

பேச்சுவாக்கில் மின்னஞ்சல் கஷ்டத்தைச் சொன்னேன். "உங்களுக்குன்னே ஒண்ணு இருக்கு அக்கா. லைசென்ஸ் சாஃப்ட்வேர், ஆயுசுக்கும் சப்போர்ட். 268 வெள்ளி, நம்ம ஆளுங்கிறதால இந்த விலை." யோசித்தேன். தவறவிட்ட இரண்டு வேலை கிடைத்தாலே அந்தப் பணம் வந்துவிடும் என்று மனம் கணக்குப் போட்டது. சரி என்றேன்.

அடுத்து நடந்ததைத்தான் மறக்க முடியவில்லை. கூகுள் கணக்கின் கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்ய வேண்டிய நேரம். தம்பி நாற்காலியோடு அந்தப் பக்கம் திரும்பி, சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். "நீங்களே போடுங்க அக்கா. நான் பார்க்கக் கூடாது, பாருங்க." எவ்வளவு மரியாதை! இப்படிப்பட்ட பிள்ளையைப் பெற்றவள் யாரோ என்று நினைத்தேன், சத்தியமாக.

பிறகு அவர் திரும்பி, என் கணக்குக்குள்ளேயே ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து, 'ஆப் பாஸ்வேர்ட்' என்று ஒன்றை, அதாவது அந்த மென்பொருள் என் அஞ்சலைத் திறப்பதற்கென்றே தனியாக ஒரு கடவுச்சொல்லை, உண்டாக்கினார். திரையில் பதினாறு எழுத்துகள் வந்தன. "இதை ஒரு தடவைதான் காட்டும் அக்கா, நான் வச்சுக்கறேன், நாளைக்கு ஏதாவதுன்னா நீங்க அலைய வேண்டாம்" என்று தன் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டார். நானும் தலையாட்டினேன். அந்தப் பதினாறு எழுத்துகள் கையில் இருந்தால் என் அஞ்சல் பெட்டியை எங்கிருந்தும் திறக்கலாம், என் கைப்பேசிக்கு வந்து 'நீங்கள்தானா?' என்று கேட்கும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பும் குறுக்கே வராது என்பது இந்த வாரம்தான் எனக்குத் தெரியும். வாசற்கதவைப் பார்க்கமாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டவர், பின்கதவுச் சாவியை வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்.

கைப்பேசி வழியாகப் பணம் அனுப்பும் பேநவ்வில் 268 அனுப்பினேன். 'டிங்' வந்தது. இரண்டு மாதம் சந்தோஷமாகத்தான் இருந்தேன், அதை மறைக்க மாட்டேன்.

ஜனவரியில் எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் மோசடித் தடுப்புப் பேச்சு ஒன்று. கடவுச்சொல்லை மாற்றுங்கள் என்றார்கள். வீட்டுக்கு வந்ததும் நல்ல பிள்ளையாக மாற்றினேன். மறுநாள் 'டிங்' இல்லை. ஒரு வேலை போயிற்று, இரண்டாயிரம் சொல். கடைக்குப் போய், "தம்பி, நான் பாஸ்வேர்ட் மாத்தினேன், அதனாலயா?" என்று நானே கேட்டேன். "சேச்சே, அதெல்லாம் இல்ல அக்கா, கூகுள் அப்டேட் பண்ணிட்டான்" என்றார். ஆயுசுக்கும் சப்போர்ட் என்றீர்களே என்றதற்கு, அது மென்பொருளுக்கு, இது 'செட்டிங்' என்றார். 60 வெள்ளி. ஏப்ரலில் மறுபடி கடவுச்சொல்லை மாற்றினேன், மறுபடி நின்றது, மறுபடி 60. ஒவ்வொரு முறையும் புதிதாகப் பதினாறு எழுத்து, புதிதாக ஒரு படம். 268, 60, 60. கூட்டிப் பாருங்கள், 388.

போன வாரம் மூன்றாவது முறை. இந்தத் தடவை, "வெர்ஷன் பழசாயிடுச்சு, புதுசுக்கு 88 வெள்ளி" என்றார். வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மகன் சாப்பிட வந்திருந்தான். தேசிய சேவை முடித்துவிட்டுப் பல்கலைக்கழகம் திறக்கக் காத்திருக்கிறான். ஒரு கையில் அப்பளத்தோடு என் கணினியைப் பார்த்தான். "அத்தை, இது இலவச சாஃப்ட்வேர். யார் வேணும்னாலும் டவுன்லோட் பண்ணிக்கலாம்." மென்பொருளின் 'அபௌட்' பக்கத்திலேயே அது எழுதியிருக்கிறது, நான்தான் திறந்து பார்க்கவில்லை. அடுத்து, கூகுள் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றினால் ஆப் பாஸ்வேர்டுகளைக் கூகுளே ரத்து செய்துவிடும் என்றான். கூகுளின் உதவிப் பக்கத்திலேயே அதைக் காட்டினான். அவ்வளவுதான் வியாதி. புதிதாக ஒன்று உண்டாக்கினால் இரண்டு நிமிட வேலை. நான் வாசலிலேயே காரணத்தைச் சொல்லிக் கேட்டேன், இல்லை என்று முகத்தைப் பார்த்துச் சொன்னாரே!

இலவச மென்பொருளை நிறுவிக் கொடுக்கக் கூலி வாங்குவது தப்பில்லை. இன்னொரு முப்பது வெள்ளி கேட்டிருந்தால் சிரித்துக்கொண்டே கொடுத்திருப்பேன். 'லைசென்ஸ்' என்று சொல்லித்தானே விற்றார்? ரசீதை இப்போது எடுத்துப் பார்த்தால் 'சாஃப்ட்வேர், சர்வீஸ்' என்று இரண்டே சொல்.

திங்கட்கிழமை வாட்ஸ்அப்பில் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. செவ்வாய்க்கிழமை, 'பாஸ் ஜோகூர் போயிருக்கார்'. புதன்கிழமை, 'பாஸ்கிட்ட சொல்லிட்டேன்'. இன்று நேரில் போனேன். அக்கா காணாமல் போயிருந்தாள். "சொல்லுங்க மேடம்" என்றார். நாற்காலி இல்லை, தே ஓ இல்லை. ரசீதின் அடியில் பணம் திருப்பித் தரப்படாது என்று பொடி எழுத்தில் இருப்பதை விரலால் காட்டினார். சரி, பணத்தை விடுங்கள், அந்தப் படங்களை என் கண் முன்னால் அழியுங்கள் என்றேன். "அப்பவே டெலீட் பண்ணிட்டேன் மேடம்." எங்கே காட்டுங்கள் என்றால், "என் போனை நான் ஏன் காட்டணும்?" சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்த அதே தம்பி. பக்கத்துக் கடைக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். வெளியே வந்து மின்தூக்கிக்குக் காத்திருந்தபோது வாட்ஸ்அப்பைப் பார்த்தால் அவருடைய முகப்புப் படம் மறைந்திருந்தது. என்னை முடக்கிவிட்டார் போல.

அவர் என் கடிதங்களைப் படித்தார் என்று நான் சொல்லவில்லை, அதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் ரகசியம் காப்பேன் என்று கையெழுத்துப் போட்டு வாங்கிய மருத்துவ அறிக்கைகளும் ஒப்பந்தங்களும் அந்தப் பெட்டியில் கிடந்தன. இதை நினைத்தால்தான் 388 வெள்ளியைவிட வயிறு எரிகிறது.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது தலை வலிக்கிறது, தோன்றியதைச் சொல்கிறேன். அந்தப் பதினாறு எழுத்தை யாரையும் படம் எடுக்க விடாதீர்கள். ஏற்கெனவே விட்டிருந்தால் கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதிக்குப் போய் இன்றே நீக்குங்கள், ஜிமெயில் அமைப்புகளில் உங்கள் கடிதங்கள் வேறு முகவரிக்குத் திருப்பிவிடப்படுகின்றனவா என்றும் பாருங்கள். உலாவியில் ஜிமெயிலை ஒரு தாவலில் திறந்து வைத்திருந்தால் அதன் அமைப்புகளிலேயே புது அஞ்சல் அறிவிப்பை இலவசமாக இயக்கலாம். என் பையன் அதைத்தான் போட்டுக் கொடுத்திருக்கிறான், கவனம் கொஞ்சம் சிதறினாலும் பரவாயில்லை. மோசடியா என்று சந்தேகமாக இருந்தால் மோசடித் தடுப்பு உதவி எண்ணான 1799க்கு அழைத்துக் கேளுங்கள். 'நம்ம ஆளு' என்று விலை சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

சின்னத் தொகை வழக்குகளை விசாரிக்கும் ஸ்மால் கிளெய்ம்ஸ் டிரிபியூனலில் மனு போடப் போகிறேன். இவ்வளவு சின்னத் தொகைக்குக் கட்டணம் பத்து வெள்ளிதான். அதையும் சேர்த்தால் 398.