பி53-க்கு எந்த ஆன்டிபாடி? டிஓ-1, டிஓ-7, பிஏபி421, பிஏபி240

மனித செல்லில் பி53 (புற்றுநோயைத் தடுக்கும் ஒரு புரதம்) இருக்கிறதா என்று பார்க்கப் பெரும்பாலான ஆய்வகங்களில் முதலில் எடுப்பது டிஓ-1 என்ற ஆன்டிபாடி, அதாவது அந்தப் புரதத்தைத் தேடிப் பிடிக்கும் எதிர்ப்பொருள். நல்ல பழக்கம்தான். ஆனால் டிஓ-1-இல் பேண்ட் (புரதம் இருப்பதைக் காட்டும் பட்டை) வரவில்லை என்பதற்காக 'இந்த செல்லில் பி53 இல்லை' என்று எழுதிவிடக் கூடாது. பி53 என்பது 393 அமினோ அமிலங்கள் கொண்ட புரதம். ஒரு மோனோக்ளோனல் (ஒரே செல் வழியிலிருந்து வரும்) ஆன்டிபாடி அதில் ஒரு சின்னத் துண்டைத்தான் பிடிக்கும். அது எந்தத் துண்டு என்று தெரியாமல் ஆன்டிபாடி வாங்குவதில் பயனில்லை.

டிஓ-1, டிஓ-7 இரண்டும் பொரிவோய் வோய்தேஷெக், டேவிட் லேன் குழுவினர் 1992-இல் வெளியிட்ட வரிசையைச் சேர்ந்த சுண்டெலி மோனோக்ளோனல்கள். இரண்டுமே புரதத்தின் தொடக்கமான 'என்' (N) முனையில், 20 முதல் 25 வரையிலான அமினோ அமிலங்களை ஒட்டிப் பிடிப்பவை. புரதங்களை ஜெல்லில் பிரித்து ஆன்டிபாடியால் காணும் வெஸ்டர்ன் பிளாட்டில் டிஓ-1 தரும் சுத்தமான பேண்டுக்காகவே அதை நான் முதலில் வைப்பேன். பாரஃபின் திசுத் துண்டு என்றால் டிஓ-7. நோய்க்குறியியல் துறையில் கருப்பை, சினைப்பைப் புற்றுநோய்களில் பி53 சாயமேற்றப் பரவலாகப் பயன்படுவது அதுதான்.

இவற்றின் பலவீனமும் அதே இடத்தில்தான் இருக்கிறது. செரின் 20-இல் பாஸ்பேட் ஏறினால் டிஓ-1-இன் பிடி தளர்கிறது. டிஎன்ஏ சேதத்தை ஆராய்பவருக்கு இது சின்ன விஷயம் இல்லை, ஏனென்றால் அந்தச் சேதம்தான் அங்கே பாஸ்பேட்டை ஏற்றுகிறது. முதல் 39 அமினோ அமிலங்கள் இல்லாத டெல்டா40 வடிவம் டிஓ-1-க்குத் தெரியவே தெரியாது. அப்புறம், பி53-ஐ அழிவுக்கு அனுப்பும் எம்டிஎம்2 புரதம் வந்து ஒட்டுவதும் இதே பகுதியில்தான். பி53-எம்டிஎம்2 பிணைப்பை இம்யூனோபிரெசிபிட்டேஷனில் (ஆன்டிபாடியால் ஒரு புரதத்தை அதோடு ஒட்டியவற்றுடன் இழுத்தெடுக்கும் முறை) பார்க்க டிஓ-1-ஐப் போட்டால், பார்க்க வந்த பிணைப்பையே ஆன்டிபாடி தடுத்துவிடும்.

அந்த வேலைக்கு பிஏபி421 பொருத்தம். அது பிடிப்பது புரதத்தின் கடைசியான 'சி' (C) முனையில், 371 முதல் 380 வரை. 'என்' முனை குறைந்த வடிவங்களையும் அது காட்டும். ஆனால் அந்த முனையில் ஏறும் பாஸ்பேட், அசிட்டைல் குழுக்கள் அதன் பிடியைக் கெடுக்கும். மரபணுத் திரிபால் இடையில் நிறுத்தக் குறி விழுந்து சி முனை இல்லாமல் போன பி53-யும் அதற்குத் தெரியாது. ஆகவே இரண்டு முனைகளுக்கும் ஒவ்வொரு ஆன்டிபாடி வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

பிஏபி240 பற்றிக் கொஞ்சம் எச்சரிக்கை. 'திரிபுற்ற பி53-க்கானது' என்று இதைச் சொல்வார்கள். அது பிடிக்கும் 213-217 பகுதி இயல்பான பி53-இன் மடிப்புக்குள் மறைந்திருக்கும். ஆர்175எச் (175-ஆம் இடத்தில் ஆர்ஜினின் ஹிஸ்டிடினாக மாறியது) போன்ற திரிபில் மடிப்பு குலைவதால் வெளியே தெரியும். ஆனால் எஸ்டிஎஸ் (புரத மடிப்பைக் குலைக்கும் சோப்புப் பொருள்) ஜெல்லில் எல்லாப் புரதமும் குலைந்துதான் ஓடுகிறது, எனவே வெஸ்டர்னில் இயல்பானதும் திரிந்ததும் ஒன்றாகவே தெரியும். ஆர்273எச் திரிபிலோ மடிப்பு பெரும்பாலும் கெடுவதில்லை. சரி, எங்கே உதவும்? மடிப்பு குலையாத லைசேட்டில் (செல்களை உடைத்தெடுத்த கரைசல்) செய்யும் இம்யூனோபிரெசிபிட்டேஷனில் மட்டும்.

முயல் ஆன்டிபாடி ஒன்றும் கைவசம் இருக்கட்டும். சுண்டெலி ஆன்டிபாடியில் இழுத்து, சுண்டெலி ஆன்டிபாடியிலேயே பிளாட் செய்தால் 50 கிலோடால்டனில் வரும் அந்த ஆன்டிபாடியின் கனச் சங்கிலி, 53-இல் வரும் பி53-ஐ மறைத்துவிடும். பாலிகுளோனல் (பல ஆன்டிபாடிகளின் கலவை) வாங்கினால் புது லாட் வரும்போதெல்லாம் மறுபடி சோதியுங்கள். முயல் மோனோக்ளோனலில் அந்தத் தொல்லை குறைவு.

எதை வாங்கினாலும் பி53 இல்லாத சாவோஸ்-2 அல்லது எச்1299 செல்களின் லைசேட் ஒரு லேனில் கட்டாயம் ஓட வேண்டும். அங்கேயும் 53-இல் பேண்ட் வந்தால் அது பி53 இல்லை. பக்கத்து லேனில் டிஎன்ஏவைச் சேதப்படுத்தி பி53-ஐ உயர்த்தும் டாக்சோரூபிசின் மருந்து கொடுத்த எம்சிஎஃப்-7 செல்கள். சும்மா இருக்கும் செல்லில் இயல்பான பி53-இன் அரை ஆயுள் ஏறத்தாழ 20 நிமிடம்தான், அதனால் மருந்து கொடுக்காத லேன் மங்கலாக இருப்பது ஆன்டிபாடியின் குற்றம் இல்லை. ஹீலா செல்களைப் பாசிட்டிவ் கன்ட்ரோலாக வைக்காதீர்கள். அவற்றிலுள்ள எச்பிவி வைரஸின் ஈ6 புரதம் பி53-ஐத் தொடர்ந்து அழித்துக்கொண்டே இருக்கும்.