எலெக்ட்ரிக் பஸ் ரிவ்யூ: வண்டிக்கு 4.5 மார்க், சர்வீஸுக்கு 3தான்

முழுசா படிக்க நேரம் இல்லாதவங்களுக்காக முடிவ முதல்லயே சொல்லிடுறேன். சிட்டிக்குள்ள ஓடுற 12 மீட்டர் பஸ்ஸுக்கு டீசல் இஞ்சின் இனி தேவையில்ல, எலெக்ட்ரிக் பஸ்ல தொடர்ந்து போய் பழகினவங்க யாரும் பழைய வண்டி வந்தா நல்லாருக்கும்னு சொல்லி நான் கேட்டதில்ல. ஆனா பஸ் நல்லா இருக்கறது வேற, பஸ் சர்வீஸ் நல்லா இருக்கறது வேற. ரெண்டுக்கும் நடுவுல டிப்போனு ஒண்ணு இருக்கு, அத பத்தி யாருமே எழுத மாட்டேங்கறாங்க, எல்லா ரிவ்யூவும் ஏசி சூப்பர், சீட் சூப்பர்னு முடிஞ்சுடுது. அதனால நான் ரெண்டையும் சேத்தே எழுதறேன், கொஞ்சம் நீளமா போகும்.

மொதல்ல உள்ள ஏறி உக்காந்தா எப்படி இருக்குனு பாப்போம். டீசல் பஸ்ல இஞ்சின் முன்னாடி இருந்தா டிரைவருக்கு கால் வேகும், பின்னாடி இருந்தா கடைசி சீட்ல இருக்கறவங்களுக்கு முதுகு வேகும். இதுல அந்த சூடே கிடையாது. ஸ்டாப்ல நிக்கும்போது வண்டி ஓடுதா ஆஃப் ஆகிடுச்சானே தெரியாது, ஏசி காத்து சத்தமும் அப்பப்போ பிரேக் காத்து புஸ்ஸுனு போற சத்தமும் மட்டும்தான். கவனிச்சு பாருங்க, போன்ல பேசறவங்க கூட தன்னால குரல எறக்கிடறாங்க, கத்த வேண்டிய அவசியமே இல்லாததால. இன்னொரு பக்கம், இஞ்சின் சத்தம் போனதும் மத்த சத்தம் எல்லாம் வெளிய வந்துடும். கண்ணாடி ஃப்ரேம் ஆடற சத்தம், கைப்பிடி கம்பில ஒரு போல்ட் லூஸா இருந்தா டக்டக்னு அடிக்கற சத்தம், கதவு ரப்பர் உரசற சத்தம் எல்லாமே கேக்கும். பாடி யாரு கட்டினாங்க, எவ்ளோ நல்லா கட்டினாங்கங்கறது இதுல ஒளிய எடமே இல்லாம தெரிஞ்சுடும், புது வண்டில ஏறினா நான் மொத வேலையா அதத்தான் காது குடுத்து கேக்கறேன்.

அடுத்தது பிக்கப். மோட்டாருக்கு நின்ன எடத்துலருந்தே முழு இழுவையும் கிடைக்கும், கியர் மாத்தற குலுக்கல் கிடையாது, பாலம் ஏறும்போது மூச்சு வாங்கறதும் கிடையாது. இதுவே ஒரு பிரச்சனையும் ஆகுது. டீசல் வண்டி ஓட்டி பழகின கால் பெடல அதே மாதிரி அழுத்தினா, நின்னுட்டு இருக்கறவங்க பின்னாடி சாயறாங்க. கால எடுத்தா இன்னும் மோசம், ஏன்னா கால் எடுத்த உடனே மோட்டாரே ஜெனரேட்டரா மாறி வண்டியோட வேகத்த கரண்டாக்கி பேட்டரிக்கு திருப்பி அனுப்ப ஆரம்பிக்குது, அதுக்குத்தான் ரீஜெனரேட்டிவ் பிரேக்கிங்னு பேரு. பிரேக்க தொடவே இல்ல, ஆனா வண்டி இழுத்து பிடிச்ச மாதிரி வேகம் கொறையும். அந்த நேரம் பாத்து எறங்கறதுக்காக எழுந்து கம்பிய தேடிட்டு இருக்கற வயசான அம்மா ஒருத்தங்க முன் சீட்டுல போய் இடிச்சுக்கிட்டத பாத்தேன், இத்தனைக்கும் டிரைவர் எதையும் தப்பா பண்ணல. கால மெதுவா, கொஞ்சம் கொஞ்சமா எடுக்கணும்னு அவருக்கு யாரும் சொல்லிக் குடுக்கல, அவ்ளோதான். அத கத்துக்கிட்ட டிரைவர் ஓட்டற வண்டில நின்னுட்டே புஸ்தகம் படிக்கலாம். சார்ஜும் மிச்சமாகும், அதே ரூட்ல அதே வண்டிய ரெண்டு பேர் ஓட்டினா சாயங்காலம் டேஷ்போர்டுல மிச்சமிருக்கற பர்சென்ட் வேற வேறயா இருக்கும், பிரேக் லைனிங்கும் ரொம்ப நாள் வரும். அதனால டிரைவர் டிரெயினிங்க வண்டியோட ஒரு பார்ட் மாதிரியே நெனைக்கணும், தனி செலவா பாத்து வெட்டக்கூடாது.

வெளிய நிக்கறவங்களுக்கும் இதுல நெறைய இருக்கு. டீசல் புகை கேன்சர் உண்டாக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட கேன்சர் ஆராய்ச்சி அமைப்பு 2012-லயே உறுதியா வகைப்படுத்திடுச்சு, ஸ்டாப்ல தினமும் நிக்கறவங்களும் டிப்போக்குள்ள ஷிஃப்ட் பாக்கறவங்களும்தான் அத ரொம்ப சுவாசிக்கறாங்க. கரண்டே நிலக்கரிலருந்துதானே வருது, அப்புறம் என்ன லாபம்னு ஒரு கேள்வி எப்பவும் வரும். மூக்குக்கு நேரா புகை வராதுங்கறதே மொத லாபம். அதுக்கு மேல, ஸ்டாப்புக்கு ஸ்டாப் நின்னு நின்னு ஓடற ரூட்ல டீசல் இஞ்சின் எரிக்கறதுல பெரும்பகுதி சூடாவே வீணாகுது, மோட்டார்ல வீணாகறது கம்மி, பிரேக்ல போறதுலயும் கொஞ்சம் திரும்ப கிடைக்குது. நின்னு நின்னு போற சிட்டி ரூட்டுக்குன்னே செஞ்ச வண்டி இது.

சத்தம் இல்லாததுல ஒரு ஆபத்தும் இருக்கு. கண் தெரியாதவங்களுக்கு பஸ் வர்றதே தெரியாது. ஐரோப்பாவுல 2021 ஜூலைலருந்து புதுசா விக்கற எல்லா எலெக்ட்ரிக் வண்டிலயும் மெதுவா போகும்போது எச்சரிக்கை சத்தம் வரணும்னு கட்டாயம். உங்க ஊர்ல விதி இருக்கோ இல்லையோ, டெண்டர்ல இத எழுதி வாங்கிடணும்.

இப்ப ரேஞ்சுக்கு, அதாவது ஒரு தடவ சார்ஜ் போட்டா எவ்ளோ தூரம் ஓடும்ங்கறதுக்கு வருவோம், எல்லாரும் ஏமாறற எடம் இதுதான். நோட்டீஸ்ல போட்டிருக்கற கிலோமீட்டர் கணக்க அப்படியே நம்பி ஷெட்யூல் போடாதீங்க. ஒரு சாதாரண கணக்கு போட்டு பாக்கலாம். பேட்டரி 300 யூனிட்னு வெச்சுக்குவோம். பேட்டரி ஆயுசுக்காகவும் அவசரத்துக்காகவும் ஒரு 20 பர்சென்ட் தொடாம வெச்சா கைல 240. ஏசியோட டிராஃபிக்ல ஓடினா கிலோமீட்டருக்கு 1.2 யூனிட் சாதாரணமா ஆகும். அப்போ 200 கிலோமீட்டர். நாள் முழுக்க ஓடற சிட்டி பஸ்ஸுக்கு அது பல ரூட்ல சரியா போதும், சில ரூட்ல போதாது. இது புது பேட்டரிக்கான கணக்கு, வருஷம் போகப்போக பேட்டரி கொள்ளளவு கொறையும், அப்போ காலைல பிரச்சனையில்லாம ஓடின அதே ஷெட்யூல் சாயங்காலம் கடைசி டிரிப்ல இடிக்கும். அமெரிக்காவுல அல்புகர்க்கினு ஒரு சிட்டி வாங்கின எலெக்ட்ரிக் பஸ்ஸயெல்லாம் திருப்பி அனுப்பறதா 2018-ல முடிவு பண்ணிடுச்சு, சொன்ன ரேஞ்ச் வரலங்கறது அதுல ஒரு முக்கிய காரணம். ஆஸ்லோவுல பிரச்சனை குளிர், 2023-24 குளிர்காலத்துல ரேஞ்ச் கொறஞ்சு நெறைய டிரிப் ரத்தாச்சு. சூடான ஊர்ல ஏசி குடிக்கும், குளிர் ஊர்ல ஹீட்டர் குடிக்கும், டீசல் வண்டில இஞ்சின் சூடு சும்மா கிடைச்சிட்டு இருந்ததால யாரும் அத கணக்கு பண்ணி பழகல.

சரி, டிப்போ. டீசல் பஸ் ராத்திரி வந்தா சில நிமிஷத்துல டேங்க் நெறையும், ஒட்டி ஒட்டி நிறுத்திட்டு போய்டலாம், காலைல எது முன்னாடி இருக்கோ அத எடுத்துட்டு கிளம்பலாம். இங்க அது நடக்காது. ஒவ்வொரு வண்டிக்கும் சார்ஜர் கன் (பஸ்ல சொருகற பெரிய பிளக்) எட்டணும், சார்ஜர் மேல ரிவர்ஸ்ல வந்து இடிக்காம தடுப்பு வேணும், விடிகாலை கிளம்பற வண்டி பின்னாடி மாட்டிக்கக்கூடாது. அதே எடத்துல முன்ன நின்ன அளவு வண்டி நிக்காது, இத பல பேரு வண்டி வந்து எறங்கினப்புறம்தான் கண்டுபிடிக்கறாங்க.

கரண்ட் கணக்கு இன்னும் முக்கியம். 100 பஸ், ஒவ்வொண்ணுக்கும் ராத்திரி 240 யூனிட் ஏத்தணும்னா மொத்தம் 24,000 யூனிட். எல்லா வண்டியும் 11 மணிக்கு வந்து ஒரே நேரத்துல 100 கிலோவாட் இழுத்தா 10 மெகாவாட் வேணும். அதையே 6 மணி நேரத்துக்கு பிரிச்சு, யாருக்கு எப்ப அவசரமோ அந்த வரிசைல குடுத்தா 4 மெகாவாட் சொச்சத்துல முடிஞ்சுடும். அந்த பிரிச்சு குடுக்கற சாஃப்ட்வேர் இருக்கற டிப்போவுக்கும் இல்லாத டிப்போவுக்கும் டிரான்ஸ்பார்மர் செலவுலயும் மாச பில்லுலயும் பெரிய வித்தியாசம் வரும். இருந்தும் டெண்டர்ல பஸ்ஸோட சீட் கலர் வரைக்கும் எழுதியிருப்பாங்க, இத பத்தி ஒரு வரி இருக்காது. மின் வாரியத்துகிட்ட லைன் கேட்டு, கேபிள் போட்டு, டிரான்ஸ்பார்மர் வெச்சு முடிக்கறதுக்கு வண்டி தயாராகறத விட ரொம்ப நாள் ஆகும், அதனால கரண்ட் விண்ணப்பம் பஸ் ஆர்டருக்கு முன்னாடியே போகணும். வண்டி வந்து நின்னு, சார்ஜர் இருந்து, கரண்ட் வராம, புது பஸ் வரிசையா தூசி படிஞ்சு நின்ன டிப்போ ஒண்ண நேர்ல பாத்திருக்கேன். மனசு வலிச்சது.

ராத்திரி ஒரு சார்ஜிங் டிப்போக்குள்ள போய் பாக்க வாய்ப்பு கிடைச்சா விடாதீங்க. கன் கனமா இருக்கும், கேபிள் அதவிட கனம், ஒரு கையால தூக்கி சாக்கெட்ல சரியா உக்கார வெக்க பழக்கம் வேணும். சரியா லாக் ஆகலன்னா சார்ஜ் ஏறாது, மாட்டிட்டு போனவரு ஏறுதுனு நெனச்சிட்டு போயிடுவாரு, விடிகாலை 4 மணிக்கு டிரைவர் வந்து பாத்தா 22 பர்சென்ட். ராத்திரி ஷிஃப்ட்ல ஒருத்தர் டார்ச் வெச்சுக்கிட்டு ஒவ்வொரு சார்ஜர் திரையையும் பாத்து நோட்டுல எழுதிட்டே நடக்கறாரு. காலைல மொத பஸ் நேரத்துக்கு வர்றது அவர் கையிலதான் இருக்கு.

ராத்திரி சார்ஜ் மட்டும் போதாதுனா டெர்மினஸ்ல மேலருந்து கை மாதிரி எறங்கற பான்டோகிராஃப் வெச்சு சில நிமிஷத்துல வேகமா ஏத்தற வழியும் இருக்கு, பேட்டரிய சின்னதா வெச்சுக்கலாம். ஆனா டிராஃபிக்ல லேட்டா வந்த வண்டி சார்ஜுக்கு நிக்காம அடுத்த டிரிப் கிளம்பிடும், அப்படி ரெண்டு மூணு தடவ ஆனா நடுவழில மாட்டிக்கும். பிராக் நகரத்துல 1972-ல நிறுத்தின டிராலிபஸ்ஸ, அதாவது மேல போற கரண்ட் கம்பிய தொட்டுட்டே ஓடற பஸ்ஸ, 2017-ல பேட்டரியோட சேத்து திரும்ப கொண்டு வந்தாங்க, பாதி தூரம் கம்பில சார்ஜ் ஏத்திக்கிட்டே போய் மீதி தூரம் பேட்டரில ஓடறது. எனக்கு அது ரொம்ப பிடிச்ச ஐடியா, பெருசா யாரும் பேசறதில்ல.

பெரிய அளவுல செஞ்சு காட்டினவங்கன்னா சீனாவோட ஷென்சென். 2017 முடியறதுக்குள்ள 16,000-க்கும் மேல பஸ், மொத்தமும் எலெக்ட்ரிக். அரசு மானியம் கொட்டிக் குடுத்தது உண்மை, ஆனா சார்ஜிங் எடத்தையும் கூடவே கட்டினாங்கங்கறத மறந்துடறோம். சிலி நாட்டு சாண்டியாகோ வேற மாதிரி போச்சு. எனெல் எக்ஸ், ஆங்ஜி மாதிரி மின்சார கம்பெனிங்களே வண்டிய வாங்கி பஸ் ஓட்டறவங்களுக்கு வாடகைக்கு குடுத்தாங்க, சார்ஜரும் அவங்களே போட்டாங்க. மொத்தமா பணம் போட முடியாத ஊருக்கு இது நல்ல வழி, இப்ப அங்க 2,000-க்கும் மேல ஓடுது. சறுக்கினவங்களும் இருக்காங்க. அமெரிக்காவோட பிலடெல்ஃபியாவுல புரோட்டெராங்கற பஸ் கம்பெனிகிட்ட வாங்கின 25 பஸ்ஸ ஃப்ரேம்ல விரிசல் வந்து 2020-ல நிறுத்தினாங்க, 2023-ல அந்த கம்பெனியே திவால் மனு போட்டுச்சு. அதனால வண்டி எப்படினு கேக்கும்போதே ஸ்பேர் பார்ட்ஸ் குடுக்க கம்பெனி 12 வருஷம் இருக்குமானும் கேக்கணும்.

தீ பத்தி பயம் எல்லாருக்கும் இருக்கு, இருக்க வேண்டியதுதான். பாரிஸ்ல 2022 ஏப்ரல்ல ரெண்டு பஸ் எரிஞ்சதும் அதே மாடல் 149 வண்டியையும் உடனே நிறுத்தினாங்க, அது சரியான முடிவு. அந்த வண்டிங்கள்ல இருந்தது லித்தியம் மெட்டல் பாலிமர்னு வேற வகை பேட்டரி. இப்ப நெறைய பஸ்ல வர்ற எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) பேட்டரி அந்த விஷயத்துல கொஞ்சம் சாது, சூடு தாங்கும், சீக்கிரம் பத்திக்காது. ஆனா பேட்டரி ஒரு தடவ பத்திக்கிட்டா அணைக்கறது கஷ்டம், அணைஞ்ச மாதிரி இருந்து திரும்ப எரியும், அதனால டிப்போல வண்டிங்கள கூட்டம் கூட்டமா பிரிச்சு நடுவுல எடம் விட்டு நிறுத்தணும். ஜெர்மனியோட ஸ்டட்கார்ட்ல 2021-ல ஒரு டிப்போ தீல 25 பஸ் போச்சு, ஒட்டி நிறுத்தினா என்ன ஆகும்ங்கறதுக்கு அது போதும்.

பணியாளர் விஷயத்த நான் ரொம்ப சீரியஸா எடுத்துக்கறேன். இஞ்சின் பிரிச்சு மாட்டி இருபது வருஷம் கை பழகின மெக்கானிக், ஆரஞ்சு கலர் கேபிள பாத்ததும் பின்வாங்கறாரு, அதுல நூத்துக்கணக்கான வோல்ட் ஓடுது, பயம் நியாயம். அவருக்கு ரப்பர் கையுறையும் டிரெயினிங்கும் குடுத்து ஹை வோல்டேஜ் வேலைக்கு கொண்டு வர்ற டிப்போவும் இருக்கு, கம்பெனி ஆளே வந்து பாத்துப்பாங்கனு அவர ஓரமா உக்கார வெக்கற டிப்போவும் இருக்கு. ரெண்டாவது டிப்போல ஒப்பந்தம் முடியற அன்னிக்கு அந்த பஸ்ஸ பத்தி தெரிஞ்ச ஒருத்தர் கூட மிச்சம் இருக்க மாட்டாங்க. கிலோமீட்டருக்கு இவ்ளோனு தனியார்கிட்ட ஓட்டக் குடுக்கறப்போ பேட்டரி டேட்டாவும் போக்குவரத்து கழகத்துக்கு வரணும்னு எழுதி வாங்கணும், இல்லன்னா பேட்டரி எவ்ளோ தேஞ்சிருக்குங்கறது அவங்க சொல்றதுதான் கணக்கு.

வண்டிக்கு 5-க்கு 4.5 குடுக்கறேன். அரை மார்க் கொறச்சது பின்பக்க சீட்டுக்கு, பல மாடல்ல பேட்டரி பெட்டிய கீழ வெச்சுட்டு அதுக்கு மேல ரெண்டு படி ஏத்தி சீட் போட்டிருக்காங்க, முட்டி வலி இருக்கறவங்க யாரும் அங்க போறதில்ல, முன்னாடியே நெருக்கிட்டு நிக்கறாங்க. சர்வீஸுக்கு இப்போதைக்கு 3. மொத பஸ்ஸும் கடைசி பஸ்ஸும் நேரத்துக்கு வர ஆரம்பிச்சா ஒரு மார்க் உடனே ஏத்திடறேன். அடுத்த ஆர்டர் போடறவங்க யாராவது இத படிச்சா, பேட்டரிய கூரை மேல வெச்சு தரை முழுக்க சமமா வர்ற மாடலும் கிடைக்குது, தயவுசெஞ்சு அத கேளுங்க.