கம்பம் அலுவலகத்தில் ஒரு ஃபயர்வால்: ஓராண்டு அனுபவம்

கம்பத்தில் உள்ள எங்கள் ஏலக்காய் வணிக அலுவலகத்தையும் குமுளிக் கிடங்கையும் வி.பி.என். (இணையத்தின் வழியே போகும் பாதுகாப்பான தனி இணைப்பு) வழியாக இணைப்பதற்காக வாங்கிய, வலையமைப்புக்குள் வருவதையும் போவதையும் வடிகட்டும் பெட்டியான இந்த ஃபயர்வாலின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. நிறுவுவது எளிது, விலையும் நியாயம். குறை வேறிடத்தில் இருக்கிறது.

ஒரு நாள் காலை, கிடங்கின் இருப்புக் கணக்கு வந்து சேரவேண்டிய நேரத்தில், பெட்டியின் பச்சை விளக்குகள் வழக்கம்போல் மினுக்கிக்கொண்டிருக்க, இணைப்பு மட்டும் செத்துக் கிடந்தது. பெட்டியைக் கணினியுடன் நேரடியாக இணைக்கும் கன்சோல் கேபிளைச் செருகிப் பார்த்தபோது, பெட்டியின் சிபியு (செயலி) 100 சதவீதச் சுமையில் நின்றது. உள்ளே வந்த பாக்கெட்டுகளோ (வலையில் தரவு பயணிக்கும் சிறு பொட்டலங்கள்) சொற்பம். பெட்டிக்குள் ஓடியது பழைய லினக்ஸ் கர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி. துண்டு துண்டாக வரும் ஐ.பி. பாக்கெட்டுகளை, மீதித் துண்டும் வரும் என்று நம்பி நினைவகத்தில் சேர்த்துவைத்து, ஒவ்வொரு புதுத் துண்டுக்கும் அந்த நீண்ட வரிசையைத் துழாவியே களைத்துப்போகும் இந்தப் பலவீனம், 2018 ஆகஸ்டிலேயே ஃபிராக்மென்ட்ஸ்மாக் என்ற பெயரில் வெளியானதுதான். துண்டுகளுக்கான நினைவக வரம்பை 4 எம்.பி.யிலிருந்து 256 கே.பி.யாகக் குறைத்தால் பாதிப்பு தணியும் என்பதும் அப்போதே சொல்லப்பட்ட பரிகாரம். அதைச் செய்த பிறகே பெட்டி மூச்சுவிட்டது.

உதவி மையத்தினர் தமிழிலும் மலையாளத்திலும் கனிவாகவே பேசினார்கள் (கனிவு பாக்கெட்டைத் தடுக்காது என்பது வேறு விஷயம்). திருத்திய ஃபர்ம்வேர் (பெட்டிக்குள் இயங்கும் மென்பொருள்) கைக்கு வர மூன்று வாரம் ஆனது. வாங்க நினைப்பவர்கள், கர்னல் பதிப்பு எது, சந்தா முடிந்த பின்னும் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்குமா என்ற இரண்டையும் எழுத்தில் கேட்டுப் பெறவும். என் சந்தாவை நான் புதுப்பிக்கவில்லை.